களனிப் பள்ளத்தாக்குப் புகையிரத வழியே

சப்பிரகமுவை என்றதும் மாணிக்கக்கல்லும் சிவனொளிபாதமலையுமே பலருடைய நினைவுக்கு வரும். புகையிரதத்தில் மலைநாடு காணப் புறப்படுவோர் கண்டி, ஹற்றன், நானுஓயா என்று பெரும்பாதை வழியே போய் வருகின்றனர். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் நடுவே ஒரு காலத்தில் ஓடிய சிறுபாதையை நினைப்பவர் மிகச் சிலரே. அப்பாதையில் எஞ்சியிருப்பதைப் புகையிரதத்திலும், மறைந்துபோனதைப் பஸ்ஸிலும் கால்நடையாகவும் கண்டுவர எண்ணி, 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், பதினைந்து வயதான எம் மகளுடன் மூன்று நாட்பிரயாணம் ஒன்றை மேற்கொண்டோம்.

பிள்ளைக்கு யப்பான் தேசத்தின் மீது பெருமோகம். தோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா என்று நகருக்கு நகர் அதிவேகப் புகையிரதத்தில் பறக்க வேண்டும் என்பது அவளுடைய கனவு. அதற்குரிய பொருள்வசதி எம்மிடம் இல்லை. ஆனால் ஒரு செய்தியைச் சொல்லி அவளை வியக்க வைத்தோம். இலங்கையில் முதற் புகையிரதம் அம்பேபுஸ்ஸவரை ஓடியது 1864ஆம் ஆண்டில். யப்பானில் சிம்பாஷியிலிருந்து யொக்கொஹாமாவுக்கு முதற்பாதை திறக்கப்பட்டது 1872இலேதான். "அப்படியென்றால் அவர்களுக்கு நாங்கள் மூத்தவர்களா, அப்பா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

களனிப் பள்ளத்தாக்குப் பாதை மக்களின் பிரயாணத்துக்காக எழுந்ததன்று. தேயிலைப் பெட்டிகளையும் றப்பரையும் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்க்கவே தோட்டத் துரைமார் அதனை வேண்டி நின்றனர். செலவைக் குறைக்கும் பொருட்டு, தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடி அகலமே விட்டு அமைத்தார்கள். 1902இல் அவிசாவளைக்கும், 1903இல் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் பாதை எட்டியது. இன்று அவிசாவளையோடு அது முடிந்துவிடுகிறது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப்போரின் நடுவே 1942இல் மூடப்பட்டது. ஓப்பநாயக்கப் பகுதி 1976இல் கைவிடப்பட்டது. எஞ்சிய பகுதியை 1990களில் அகலப்பாதையாக மாற்றினார்கள்.

கோட்டை நிலையத்தில் ஏறி மருதானையைக் கடந்ததும், வண்டி கொல்ஃப் மைதானம் ஒன்றை ஊடறுத்துச் செல்கிறது. அதன்பின் நுகேகொடை, மகரகமை என்று வீடுகளின் கொல்லைப்புறங்களை உரசியவாறே போகிறது. ஒருவர் வீட்டுக் கொடியில் உலரும் துணியைக் கைநீட்டித் தொட்டுவிடலாம் போல் தோன்றும். பாதுக்கையைத் தாண்டிய பின்னரே கூட்டம் குறைந்து காற்று நுழைந்தது. வாகை, கொஸ்கமை நிலையங்களில் றப்பர் மரங்கள் பாதையின் இருமருங்கும் நின்று வெயிலை மறைத்தன.

ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க இரண்டரை மணிநேரத்துக்கு மேல் சென்றது. பாம்பு நெளிவது போன்ற வளைவுகளைக் கண்ட மகள் காரணம் கேட்டாள். மலையைக் குடையாமல், பள்ளத்தைத் தூர்க்காமல், நிலத்தின் போக்கிலேயே வளைந்து செல்வதுதான் சிறுபாதையின் சிக்கனம். பிற்காலத்தில் தண்டவாளத்தை அகலமாக்கினார்களேயன்றி வளைவுகளை நிமிர்த்தவில்லை. ஆகவே வண்டி பெரிதாயிற்று, வேகம் பெரிதாகவில்லை. யப்பானியரும் முதலில் மூன்றரை அடிச் சிறுபாதையே போட்டவர்கள். விரைவு வேண்டும் என்று முடிவு செய்தபோது அவர்கள் பழைய வளைவுகளோடு போராடாமல், மலைகளைக் குடைந்து, நேரான அகலப்பாதை ஒன்றைப் புறம்பாக அமைத்தார்கள். 1964 ஒக்ரோபர் 1ஆந் திகதி தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே தொடங்கிய அவ்வண்டி மணிக்கு 210 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிற்று.

அவிசாவளை, சீதாவாக்கை இராச்சியத்தின் தலைநகராய் விளங்கிய இடம். முதலாம் இராசசிங்கன் சைவநெறியைத் தழுவியவன் என்பது வரலாறு. அவன் எடுப்பித்த பெரெண்டிக் கோயிலின் இடிபாடுகள் சீதாவாக்கை ஆற்றின் அயலில் உள்ளன. பைரவ ஆண்டி என்பதே பெரெண்டி எனத் திரிந்தது என்று சிலர் பொருள் கூறுவர். கூரையும் இல்லை, மூர்த்தியும் இல்லை. செதுக்கு வேலைப்பாடுள்ள கல் அடித்தளமும் தூண்களின் துண்டங்களுமே எஞ்சியுள்ளன. ஆயினும் ஆற்றோசை கேட்கும் அவ்விடத்தில் நின்றபோது, பூசை நின்றுபோன கோயிலுக்கும் ஓர் அமைதி உண்டென்பதை உணர்ந்தோம். மகள் பாதணிகளைக் கழற்றிவிட்டே படியேறினாள்.

மறுநாள் எட்டியாந்தோட்டைக்குப் பஸ்ஸிற் சென்றோம். சிறு புகையிரதம் ஓடிய வழியின் சுவடு அங்கு இலகுவில் அகப்படுவதில்லை. அப்பால் களனி கங்கையை ஒட்டியே கித்துள்கலைக்குச் சென்றோம். குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படம் 1957இல் வெளிவந்ததல்லவா? அதன் பாலத்தை இங்கேதான் மரத்தால் அமைத்து, மெய்யான புகைவண்டியோடு தகர்த்தார்கள். ஆற்றங்கரைப் பாறைகளில் அதன் அத்திவாரக் குழிகள் இன்றும் காட்டப்படுகின்றன.

இங்கே மகளுக்கு இன்னொரு யப்பானைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. எட்டியாந்தோட்டைப் பாதை மூடப்பட்ட அதே 1942ஆம் ஆண்டில், யப்பானியப் படையினர் சீயத்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீற்றர் புகையிரதப் பாதையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அதனை முடித்துவிட்டார்கள். அதற்குக் கொடுத்த விலை மனித உயிர்கள். மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் அக்காட்டில் மாண்டனர். திரைப்படம் பிரித்தானியப் போர்க்கைதிகளின் கதையைச் சொல்லிற்று. இவர்களின் கதை அதில் இடம்பெறவில்லை. பிள்ளை நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் எஹலியகொடை, குருவிட்ட வழியாக இரத்தினபுரிக்குச் சென்றோம். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் நகரம் அது. களு கங்கை பெருக்கெடுத்தால் கடைத்தெரு முழுவதும் நீருள் நிற்கும். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் நேர்ந்த வெள்ளங்களையும் மண்சரிவுகளையும் அவ்வூரார் மறக்கவில்லை. வயல்களின் நடுவே ஓலைக் கொட்டகைகளின் கீழ் மாணிக்கக் குழிகள் காணப்பட்டன. மரச்சட்டங்களை அணைகொடுத்துக் குழி இறக்கி, நீரை இறைத்து, இல்லம் எனப்படும் கூழாங்கல் மண்ணை எடுத்துக் கூடைகளில் அரித்துத் தேடுகிறார்கள். கல் அகப்பட்டால் நிலக்காரர், முதல் போட்டவர், தொழிலாளர் ஆகியோருக்கிடையே பங்கு. அகப்படாவிட்டால் மீண்டும் குழிதான்.

அங்கிருந்து காவத்தைக்குப் போனோம். அறிந்த நண்பர் ஒருவர் அயலிலிருந்த தோட்டமொன்றிற்கு எம்மை அழைத்துச் சென்றார். மேட்டில் தேயிலை, சரிவில் றப்பர், இடையே லயங்கள், ஆலமரத்தடியில் ஒரு மாரியம்மன் கோயில். றப்பர்ப் பால் வெட்டுவது அதிகாலை வேலை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் பேரும் இல்லை. மழைநாட்டில் இவர்களுடைய வருவாய் வானத்தைப் பார்த்தே நிற்கிறது.

லயத்து வாசலில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எம்மை வரவேற்றுத் தேநீர் தரச் செய்தார். நாம் பழைய புகையிரதத்தைப் பற்றி விசாரிக்கவே அவருடைய முகம் மலர்ந்தது.

"சின்ன ரயிலுங்க ஐயா. ஏத்தத்துல மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் வரும். எங்க அண்ணன் குடும்பத்த எழுபத்துமூணுல அதுலதான் ஏத்திவிட்டோம். கொழும்புக்குப் போயி, தலைமன்னாரு போயி, கப்பலேறிட்டாங்க. அண்ணனுக்கு இந்தியா வந்துச்சு, எனக்கு இலங்கை வந்துச்சு. ஒரே வயித்துல பொறந்தவங்கதான்."

மகள் எம்மை நோக்கினாள். பாடப்புத்தகத்தில் இரண்டொரு வரியில் படித்த செய்தி அது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. பின்னர், 1964 ஒக்ரோபர் 30ஆந் திகதி, சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் ஒன்றிற் கைச்சாத்திட்டனர். அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. யப்பானின் அதிவேக வண்டி ஓடத் தொடங்கிய அதே ஒக்ரோபர் மாதம்! அங்கே தூரத்திலிருந்த நகரங்களைப் புகையிரதம் அருகருகே கொணர்ந்தது. இங்கே ஒரே லயத்தில் வாழ்ந்த சகோதரரைப் புகையிரதம் கடல்கடந்து பிரித்தது. குடியுரிமைத் துயரத்துக்கு முடிவாக வந்த சட்டத்துக்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கிடையில் 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்கள் வன்செயலுக்கு இரையாகின. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிபெயர்ந்தனர். பெரியவர் போகவில்லை.

அவருடைய பேத்தியும் எம் மகளின் வயதினளே. தமிழிற் சரளமாகப் பேசினாள். ஆனால் எழுதவோ வாசிக்கவோ அறியாள். கிட்டிய தமிழ்ப் பாடசாலையில் மேல்வகுப்பு இல்லாமையால், சிங்களப் பாடசாலையிற் படிக்கிறாள். சிங்களக் கிராமங்களின் நடுவே சிறுசிறு தோட்டங்களாகச் சிதறிக் கிடக்கும் சப்பிரகமுவைத் தமிழரிடையே இது புதுமையன்று. அப்பெண்ணைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. படிப்பு வேண்டும், கிடைத்த மொழியிற் படிக்கிறாள்.

பெரியவர் தகரப்பெட்டி ஒன்றைக் கொணரச் செய்தார். கூடலூரின் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அண்ணன் எழுதிய கடிதங்கள் ஏழெட்டு அதில் இருந்தன. அண்ணன் காலமாகிப் பல ஆண்டுகள். பெரியவரின் கண்களிற் பார்வை மங்கிவிட்டது. வீட்டில் வாசித்துக் காட்டவும் எவருமில்லை. "பாப்பா, கொஞ்சம் படிச்சுக் காட்டுறியாம்மா?" என்று எம் மகளைக் கேட்டார்.

அவள் ஒவ்வொன்றாய் வாசித்தாள். நலம் விசாரிப்பு, குளிர், கொழுந்தின் நிறை, ஒரு பெண்ணின் கலியாணச் செய்தி. பெரிய சங்கதி எதுவுமில்லை. பெரியவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பேத்தியோ தன் அப்பியாசக் கொப்பியை எடுத்துவந்து, எம் மகள் சொல்லச்சொல்ல, தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டாள். ஏனென்று கேட்டதற்கு, "தாத்தா திரும்பக் கேட்டா நானே வாசிப்பேன்" என்றாள். நான்கு கடிதங்கள் எழுதி முடிவதற்குள் இருட்டிவிட்டது. ஓப்பநாயக்கவில் பாதை முடிந்த இடத்தைக் காணும் எண்ணத்தை மறுநாட் காலைக்கு ஒத்திவைத்தோம். அங்கே, சிறு வண்டிகள் திரும்பிய நிலத்தில், இன்று ஊரவரின் அன்றாட நடமாட்டமே உண்டு.

ஊர் திரும்பிய கையோடு எம் மகள் தமிழ் அரிச்சுவடி ஒன்றை அப்பெண்ணுக்குத் தபாலில் அனுப்பினாள். நான்கு மாதங்களின் பின் பதில் வந்தது. கோணல்மாணலான தமிழெழுத்தில் மூன்று வரிகள். எஞ்சிய கடிதங்களைத் தானே வாசிக்கத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாள்.

இவ்வழியே செல்ல விரும்பும் அன்பர்கள் மழைக்குடையை மறவாது எடுத்துச் செல்க. புறப்படுமுன் நிலையத்தில் வண்டி நேரத்தை விசாரித்துக்கொள்க. பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்துச் செல்க. மாணிக்கக் குழியையும் ஆற்றையும் பார்த்ததோடு திரும்பிவிடாமல், ஏதேனும் ஒரு லயத்து வாசலில் அரைமணி நேரம் அமர்ந்து பேசிவிட்டு வாருங்கள். உங்களுடைய பிள்ளை வாசித்துக் காட்ட வேண்டிய கடிதங்கள் அங்கும் இருக்கக்கூடும்.