இது ஆற்ற எஞ்சின்?

பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பேர் மாற்றப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு இலக்கங்களை. ஒன்று பிரேமில் அடித்திருப்பது. எங்கட ஆக்கள் 'செசி நம்பர்' என்பார்கள். மற்றது எஞ்சின் நம்பர். பதிவுப் புத்தகத்தில் இரண்டும் எழுதியிருக்கும். புத்தகமும் இரும்பும் ஒரே கதையைச் சொன்னால் பிரச்சினை இல்லை. சொல்லாவிட்டால் உடனே இரண்டு சந்தேகம் வரும்: களவெடுத்ததோ, இல்லாட்டி ஆரும் ஏமாத்தி வித்ததோ? இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கலாம் என்று நாங்கள் அறிந்துகொண்ட கதை இது.

நாங்கள் மூன்று பேர், கலைப்பீடத்தில் ஒரே பச். எங்களில் ஒருத்தியின் அம்மப்பா வைத்திருந்த பி.எஸ்.ஏ. பான்டம், யாழ்ப்பாணத்தில் அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் பல வருசமாக நின்றது. அம்மப்பா இப்போது இல்லை. "அதை ஓடுற மாதிரி ஆக்கி, பேரையும் பிள்ளையின்ர பேருக்கு மாத்துங்கோ" என்று அம்மம்மா சொன்னா. அதற்காகத்தான் நாங்கள் கொட்டிலுக்குள் போனோம்.

பான்டம் ஒன்றும் பெரிய வண்டி இல்லை. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 1948இல் செய்யத் தொடங்கி 1971 வரை செய்தார்கள். முதல் மாடல் 123 சி.சி., டூ ஸ்ட்ரோக். ஆனால் அதன் பிறப்பே ஒரு யுத்தக் கதை. ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பனி செய்த ஆர்.டி.125 என்ற வண்டியின் வரைபடங்களை, இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் வென்ற நாடுகள் 'போர் இழப்பீடு' என்று எடுத்துக்கொண்டன. சோவியத்தில் மொஸ்க்வா என்றும், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் சின்ன 125 என்றும் அதே வண்டி வந்தது. பி.எஸ்.ஏ. காரர் அந்த வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பி, பான்டம் என்று பேர் வைத்தார்கள். 'அசல் பான்டம்' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இதையும் ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு இலக்கங்களைத் துலக்கினோம். எழுத்து மேலே வந்ததும் வெள்ளைச் சோக்கைத் தேய்த்தோம். பிரேமின் கழுத்தில் 'வை.டி.1.எஸ்' என்று தொடங்கும் இலக்கம். 'எஸ்' என்றால் பின்சில்லுக்கு ஸ்பிரிங் வைத்த மாடல். புத்தகத்திலும் அதே இலக்கம், செய்த வருசம் 1952. சந்தோசப்பட்டோம்.

எஞ்சினைத் துடைத்தபோது அந்தச் சந்தோசம் போய்விட்டது. புத்தகத்தில் 'வை.டி.' என்று தொடங்கும் எஞ்சின் நம்பர். இரும்பில் இருந்தது 'பி.டி.3'.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பி.எஸ்.ஏ. தொழிற்சாலை அந்தக் காலத்தில் பிரேமுக்கும் எஞ்சினுக்கும் ஒரே இலக்கத்தை அடிக்கவில்லை. ட்ரையம்ஃப் கம்பனியில் அந்த வழக்கம் இருந்ததால், எல்லாப் பழைய வண்டியிலும் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இங்கே பார்க்கவேண்டியது முன்னெழுத்தை. பி.டி.3 என்றால் டி3 மாடலின் 148 சி.சி. எஞ்சின். அது 1954 மாடலாக வந்தது. 1952இல் செய்த வண்டி அந்த எஞ்சினோடு பிறந்திருக்க முடியாது. சிலிண்டரின் செட்டைகளும் அகலமாக இருந்தன, டி3 தான். டி1 பிரேமில் அது வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே ஏறும்.

ஆரும் அழித்துத் திருப்பி அடித்திருக்கிறார்களா என்று பார்த்தோம். எழுத்துகள் ஒரே அளவு, சுற்றிவர அராவிய அடையாளம் இல்லை. ஆக இலக்கம் உண்மையானது. வண்டி மட்டும்தான் வேற.

மெக்கானிக் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மிச்சத்தை ஆக்களிட்டக் கேட்கவேண்டும். பெரிய மாமாவிடம் கேட்டோம்.

"பழைய எஞ்சின் 90இல சீஸ் ஆயிட்டுது. பெற்றோல் தடை. மண்ணெண்ணெய் விட்டு ஓடினா வேற என்ன நடக்கும்? ஸ்பெயார் சாமானும் உள்ள வராது. பிறகு அப்பா இந்த எஞ்சினைக் கொண்டந்தவர்."

"எங்கயிருந்து மாமா?"

"ஐஞ்சுசந்திப் பக்கம்."

"எப்ப?"

"அந்த வருசக் கடைசி. அந்த நேரம் அங்க சாமானெல்லாம் மலிவு."

அதைச் சொல்லிவிட்டு மாமா எழும்பிப் போய்விட்டார்.

1990 கடைசியில் ஐந்துசந்தியில் சாமான் ஏன் மலிந்தது? அந்த வருசம் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அந்த நாட்களில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடு, கடை, நகை, வாகனம் எல்லாம் பின்னால் நின்றன. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம். எங்கட வீடுகளில் 95 இடம்பெயர்வைப் பற்றி ஒவ்வொரு மழைக்காலமும் கதைப்போம். 90 ஒக்டோபரைப் பற்றி 'அந்த நேரம் சாமான் மலிவு' என்று ஒரு வரிதான் வருகிறது.

உடனே முடிவு கட்டவும் முடியாது. அந்தப் பக்கம் பழைய இரும்புக்கடைகளும் இருந்தன. ஒருவர் வெளியேற்றத்துக்கு முதலே தன் பான்டத்தை உடைத்து விற்றிருக்கலாம். அம்மப்பா கைமாறிக் கைமாறி வந்ததை நியாயமான காசுக்கே வாங்கியிருக்கலாம். இதையெல்லாம் நாங்கள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் மாமா எழும்பிப் போனதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

இனி பேர் மாற்றுகிற விசயம். எஞ்சின் மாற்றியதைப் பதிவதென்றால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டவேண்டும். துண்டு இல்லை. தெரிந்த ஒருவர் வழி சொன்னார்: "கிரைண்டர் பிடிச்சு அழிச்சுப்போட்டு, புத்தகத்தில இருக்கிற நம்பரையே அடிச்சுத் தாறன். ஆருக்கும் தெரியாது." சட்டப்படி பிழை என்பது ஒருபக்கம் இருக்கட்டும். மாமா சரியென்றுதான் சொன்னார். முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது, இனி ஆர் வந்து கேட்கப்போகினம் என்றார்.

பேத்திதான் மறித்தாள். "அந்த வீட்டு ஆக்கள் ஆரும் தேடி வந்தா எதைக் காட்டுறது?"

நாங்கள் அதுவரை இலக்கம் பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்றே கதைத்துக்கொண்டிருந்தோம். அது எங்கட புத்தகத்தோடுதான் பொருந்தவில்லை. புத்தளத்தில் ஒரு வீட்டு றங்குப்பெட்டிக்குள், காணி உறுதியோடு சேர்த்து ஒரு பதிவுப் புத்தகம் இருந்தால், அதோடு இது அட்சரம் பிசகாமல் பொருந்தும். கிரைண்டர் பிடித்தால் அழியப்போவது அந்தப் பொருத்தம். ஜேர்மன்காரனிட்ட எடுத்ததற்காவது இழப்பீடு என்று ஒரு தாள் இருந்தது. இங்கே மிஞ்சியிருப்பது கிராங்கேஸில் உள்ள இந்த இலக்கம் மட்டும்தான்.

கடதாசியை வைத்து பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தோம். எங்கட பச்சில் படிக்கும் புத்தளம் தோழியிடம் சொன்னோம். அவளுடைய வாப்பா பிறந்தது யாழ்ப்பாணத்தில். அவர் இலக்கத்தைக் கேட்கவில்லை. "எந்த ஒழுங்கையில வாங்கினதாம்?" என்றுதான் கேட்டாராம். ஒழுங்கையைச் சொன்னால் அதில் யார் யார் இருந்தார்கள், யாரிடம் மோட்டார் சைக்கிள் நின்றது என்று அவருக்குச் சொல்லத் தெரியும்.

மாமாவுக்கு ஒழுங்கை தெரியாதாம். அம்மம்மாவிடம் கேட்டோம். கனநேரம் பேசாமல் இருந்தா.

"சைக்கிள் கரியரில சாக்காலை சுத்திக் கட்டிக்கொண்டு வந்தவர். படலையில வைச்சே கேட்டனான், இது ஆற்ற எஞ்சின் எண்டு. அவர் ஒண்டும் சொல்லேல்லை. நானும் பிறகு கேக்கேல்லை."

வண்டி இப்போது ஸ்டார்ட் ஆகிறது. றோட்டில் ஏற்றவில்லை, பேரும் மாற்றவில்லை. அம்மம்மா அவசரமில்லை என்கிறா.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு உதவி. உங்கட வீட்டில், வாப்பாவிடமோ மூத்தாப்பாவிடமோ, பழைய பான்டம் ஒன்றின் பதிவுப் புத்தகம் இருந்தால் ஒருக்கால் எடுத்துப் பாருங்கோ. எஞ்சின் நம்பர் பி.டி.3 என்று தொடங்குகிறதா? முழு இலக்கத்தை வேண்டுமென்றுதான் இங்கே எழுதவில்லை. அதைப் புத்தகம் வைத்திருக்கிறவர் எங்களுக்குச் சொல்லட்டும்.