வெந்நீர் வைத்தியம்

ஒரு வீட்டில் "வெந்நீர் வரவில்லை!" என்ற கூக்குரல் எழுந்தால், முதலில் செய்யவேண்டிய காரியம் பிளம்பரைக் கூப்பிடுவதன்று, "வரவில்லை" என்பதற்கு அர்த்தம் என்ன என்று விசாரிப்பதுதான். தண்ணீரே வரவில்லையா? தண்ணீர் வந்து, சூடு மட்டும் வரவில்லையா? சூடும் வந்து, இரண்டு செம்பு ஊற்றிக்கொள்வதற்குள் தீர்ந்துபோகிறதா? அல்லது எல்லாம் சரியாக இருந்து, காய்வதற்கு மட்டும் நேரமாகிறதா? இவை நான்கும் நான்கு வெவ்வேறு நோய்கள். நான்குக்கும் "காயிலை மாற்று" என்று ஒரே மருந்தைச் சொல்லும் வைத்தியர்கள் எங்கள் செங்கற்பட்டில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கிறவன். ஆகையால் அக்கம்பக்கத்தில் எந்த வீட்டுக் கீஸர் படுத்துக்கொண்டாலும் என் வாசற் கதவு தட்டப்படும். கருவிப் பெட்டி ஏதும் என்னிடம் கிடையாது. ஒரு கைக்கடிகாரம், ஒரு தெர்மாமீட்டர், கேட்பதற்குச் சில கேள்விகள். இவ்வளவுதான் என் ஆயுதங்கள்.

பாட்டிமார் காலத்தில் இவையும் தேவைப்படவில்லை. செப்புத் தவலையின் கீழ் விறகு எரிந்தது. புகை வந்தால் விறகு ஈரம். காயவில்லையென்றால் அடுப்பு அணைந்துவிட்டது. நோய் கண்ணெதிரே நின்றது. இப்பொழுதோ எல்லாவற்றையும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து மூடிச் சுவரில் மாட்டிவிட்டோம். கண்ணால் காண முடியாததைக் கணக்கால்தான் காணவேண்டும்.

அந்தக் கணக்கு ஒன்றும் பெரிய கம்பசூத்திரமல்ல. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த, 2000 வாட் காயிலுக்கு 17, 18 நிமிஷம் பிடிக்கும். எங்கள் தெருவில் ஒரு நண்பர் வீட்டில் அரை மணியாகியும் விளக்கு அணையவில்லை. "காயில் போய்விட்டது" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். காலை 6 மணிக்கு ஒரு தடவையும், பிற்பகல் 2 மணிக்கு ஒரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன். காலையில் 28 நிமிஷம், பிற்பகலில் 18. காயில் கெட்டிருந்தால் அது காலை, மாலை என்று பட்சபாதம் காட்டுமா? தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் கீஸர் போடுவதால் காலையில் மின்னழுத்தம் குறைந்துவிடுகிறது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் உஷ்ணம் அதே விகிதத்தில் குறைவதில்லை. வர்க்க விகிதத்தில் குறைந்து, நூற்றுக்கு 61 பங்குதான் மிஞ்சும். நண்பர் காயிலை மாற்றவில்லை; அரை மணி முன்னதாக எழுந்திருக்கக் கற்றுக்கொண்டார்.

சூடு சீக்கிரம் தீர்ந்துபோகிறதென்றால் வேறொரு பரீட்சை உண்டு. கீஸருக்குள் தண்ணீர் செல்லும் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறக்கவேண்டும். குழாயில் மீந்திருந்தது வடிந்த பிறகு சொட்டு நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால், வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாயில் எங்கோ பச்சைத் தண்ணீர் திருட்டு வழியாகப் புகுந்து வருகிறது என்று பொருள். அதைச் சரிசெய்தால் போதும், கீஸர் நிரபராதி. தண்ணீர் நின்றுவிட்டால்தான் பெட்டிக்குள் பார்க்கவேண்டும். மேல்மட்டத்துச் சூடான நீரை எடுத்து வரும் நீண்ட உட்குழாய் ஒடிந்திருக்கலாம்.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன் மான்செஸ்டரிலிருந்து டெலிபோனில் கூப்பிட்டான். அந்த நாட்டில் குளிப்பதற்கு மட்டுமல்ல, வீட்டையே சூடாக்குவதற்கும் வெந்நீர்தான். பாய்லரிலிருந்து புறப்பட்டு அறைக்கு அறை இரும்புப் பலகைகளுக்குள் சுற்றி வருகிறது. "ஒரு பலகை சரியாகச் சுடவில்லை, ஸார்! குளிர் தாங்கவில்லை" என்றான். நான் அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்தவனல்ல. "மேலே ஜில்லென்று இருக்கிறதா, கீழேயா?" என்று மட்டும் கேட்டேன். மேல்பாகந்தான் என்றான். அப்படியானால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது. காற்றுக்கு மேலே ஏறத்தானே தெரியும்? சின்னச் சாவியால் மூலைத் திருகைத் தளர்த்தினான்; 'புஸ்'ஸென்று காற்று வெளியேறிற்று; பலகை சூடாயிற்று. கீழ்ப்பாகம் குளிர்ந்திருந்தால் துருவும் கசடும் படிந்திருக்கிறதென்று சொல்லியிருப்பேன். நமக்கோ அந்தக் கவலையில்லை. செங்கற்பட்டில் சித்திரை பிறந்தால் மாடித் தொட்டியே பாய்லராகிவிடுகிறது!

ஆனால் நம் பக்கத்துக்கென்றே இரண்டு சத்துருக்கள் உண்டு. ஒன்று, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறியவுடன் கல்லாகப் பிரிந்து காயிலின்மேல் படிகிறது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் நீராவியைக் கொண்டு கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் ஆலையை நிறுவினார்களே, அப்படிப்பட்ட பெரிய ஆலைகளையும் வாட்டும் வியாதி இதுதான். கல் போர்த்திய காயில் தன் சூட்டை வெளியே விடமுடியாமல் தானே வெந்து, ஒருநாள் மேலுறை வெடித்துப்போகிறது.

மற்றொன்று கடற்காற்று. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் சிற்பங்களை 1300 ஆண்டுகளாக அது தேய்த்து வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கருங்கல்லையே தின்னும் உப்புக் காற்றுக்கு ஒரு செப்புக் கம்பி எம்மாத்திரம்?

இவ்விரு சத்துருக்களும் ஒன்றுகூடிய வீடு ஒன்றை நான் பார்த்தேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு கடலோரக் கிராமம். எங்கள் பள்ளித் தமிழாசிரியரின் வீடு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். கைகழுவக் குளியலறைப் பக்கம் போனேன். அவருடைய தாயார், எழுபத்தெட்டு வயதானவர், என்னைத் தடுத்து, "தம்பி, அந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போப்பா. குழாயைத் தொட்டால் சுருக்கென்னும்" என்றார்.

"எத்தனை நாளாக, அம்மா?"

"பொங்கலுக்கு முந்தியிருந்து. செருப்புப் போட்டால் ஒன்றும் செய்யாது."

அப்பொழுது மாசி பிறந்திருந்தது. அந்த வீட்டில் ஆறு வயதுப் பேரன் ஒருவன் இருந்தான். செருப்பு அவன் காலில் தங்குகிற வஸ்து அல்ல.

குளியலறைச் சுவிட்சை நான் நம்பவில்லை. அது ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது; கம்பிகள் இடம் மாறியிருந்தால் அணைத்த பிறகும் பெட்டியில் மின்சாரம் இருக்கும். நேரே போய் மெயினை அணைத்தேன். சாப்பாடு ஆறிற்று, மின்விசிறி நின்றது, தமிழாசிரியரின் முகமும் சற்று வாடிற்று. "இவ்வளவு அவசரமா, ஸார்?" என்றார். அவசரந்தான் என்றேன். ஈரத் தோலுக்கு மின்சாரத்தைத் தடுக்கும் சக்தி மிகவும் குறைவு. இன்று சுருக்கென்பது, தரை இன்னும் கொஞ்சம் நனைந்திருக்கும் ஒருநாளில் ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

பிற்பகல் எலெக்ட்ரிஷியன் வந்து பெட்டியைத் திறந்தார். காயிலின்மேல் விரற்கனத்துக்குச் சுண்ணாம்பு. உறையில் ஒரு வெடிப்பு. அதன் வழியே மின்சாரம் தண்ணீரிலும் பெட்டியிலும் கசிந்திருக்கிறது. அப்படிக் கசிவதை மண்ணுக்குள் கொண்டு சேர்க்கத்தான் எர்த் கம்பி இருக்கிறது. அந்தக் கம்பி, வெளிச்சுவரில் திருகு போட்ட இடத்தில் பச்சைப் பொடியாகி உதிர்ந்துவிட்டிருந்தது. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் மற்றொன்று காப்பாற்றியிருக்கும். இரண்டும் கெட்டிருந்தன.

புதுக் காயில், புது எர்த் கம்பி ஆகியவற்றுடன், 30 மில்லியாம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு சுவிட்ச் ஒன்றும் வைத்தார்கள். கீஸரின் தலையிலிருந்த வால்வு சொட்டுகிறதென்று யாரோ அதன் வாயை அடைத்து வைத்திருந்ததையும் அன்றே எடுத்தோம். 15 லிட்டர் தண்ணீர் காயும்போது ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவு விரிகிறது. அந்த விரிவுக்கு வழிவிட்டுச் சில சொட்டுச் சொட்டுவது வால்வின் தர்மம். அதை அடைப்பது வெடிகுண்டுக்குத் திரி வைப்பதற்குச் சமானம். கீஸரை அணைத்து, ஆறின பிறகும் சொட்டினால்தான் அது வியாதி.

காப்பு சுவிட்சில் பரிசோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தி, மின்சாரம் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். தமிழாசிரியர் வீட்டில் அந்த உத்தியோகம் பேரனுடையது. முதல் தேதி காலையில் பாட்டி நினைவூட்டுகிறார். அவன் முக்காலிமேல் ஏறி அழுத்துகிறான். வீடு முழுவதும் ஒரு கணம் இருண்டு, பிறகு வெளிச்சமாகிறது. ரப்பர் செருப்பு இப்பொழுது வாசலில்தான் கிடக்கிறதாம்.