மேல் கேஸ், கீழ் கேஸ்

2002ஆம் ஆண்டு ஆடி மாதம் மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் ஜாவா கற்கச் சேர்ந்தேன். தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்து இரண்டாண்டுகள் வேலையின்றி இருந்தவள் நான். கட்டணத்திற்காக அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு உறுத்தியது.

அப்பா அச்சுக் கோப்பவர். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே அச்சகத்தில், நின்ற நிலையிலேயே ஈய எழுத்துகளைப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கியவர். 1998இல் முதலாளி இரண்டு கணினிகளை வாங்கினார். ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார். அதன்பின் அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனார். கணினி என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. 'அந்தப் பெட்டி' என்பார். அந்தப் பெட்டியிடம்தான் மகள் வேலைக்குப் போகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

முதல் நிரல் ஐந்தே வரிகள். திரையில் ஒரு வாழ்த்தைக் காட்ட வேண்டும், அவ்வளவே. எந்த மொழியைக் கற்பவரும் உலகத்துக்கு வணக்கம் சொல்லித் தொடங்கும் இவ்வழக்கத்தைப் பரப்பியது, கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூல். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995இல் வெளியிட்ட ஜாவாவும் அதற்கு விலக்கில்லை. (ஜாவாவின் முதற்பெயர் ஓக். வேறொருவர் அப்பெயரை முன்பே பதிவு செய்திருந்ததால் மரம் போய்க் காப்பி வந்தது.) ஆனால் அந்த ஒற்றை வணக்கத்துக்கு முன்னால் 'பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்ட் மெயின்' என்று ஒரு மந்திரத்தை அன்று உச்சரித்தாக வேண்டியிருந்தது. பொருள் கேட்டேன். "இப்போதைக்கு அப்படியே தட்டுங்கள், மூன்றாம் வாரத்தில் புரியும்" என்றார் ஆசிரியர். நன்னூலைப் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தவளுக்கு இது புதிதல்ல.

தட்டினேன். கோப்பின் பெயரும் வகுப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதியையும் காத்தேன். தொகுக்கச் சொன்னதும் பிழைச்செய்தி வந்தது. ஒரு குறியீட்டை அதனால் இனங்காண முடியவில்லையாம். 'ஸ்ட்ரிங்' என்ற சொல்லின் அடியில் சிறு கூரை போன்ற ஓர் அடையாளம். ஆங்கில எழுத்துகள் ஆறும் வரிசை பிசகாமல் இருந்தன. மூன்று முறை அழித்து மூன்று முறையும் அதையே எழுதினேன். நேரம் முடிந்து அடுத்த மாணவர் வந்து நின்றார். திரையில் உள்ளதை உள்ளபடியே நோட்டில் எழுதிக்கொண்டு வெளியேறினேன். பேருந்தில் அழுகை வந்தது. சங்கிலி நினைவுக்கு வந்தது.

இரவு நோட்டையும் பாடநூலையும் விரித்து உட்கார்ந்திருந்தேன். கடையிலிருந்து திரும்பிய அப்பா, சட்டையைக் கழற்றாமலே அருகில் வந்து குனிந்தார். "மெய்ப்பா?" என்றார். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல? பாடநூலின் மேல் ஒரு விரல், நோட்டின் மேல் ஒரு விரல். சொற்களை அவர் வாசிக்கவில்லை, எழுத்து எழுத்தாகப் போனார். இரண்டாம் வரியில் விரல் நின்றது.

"இதும்மா. புத்தகத்துல மேல் கேஸ் எழுத்து. நீ கீழ் கேஸ் போட்டிருக்க."

ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் மேல் தட்டிலும் சிறிய எழுத்துகள் கீழ்த் தட்டிலும் இருந்ததால்தான் அவற்றுக்கு அப்பெயர்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆங்கிலத்தில் திருமண அழைப்பிதழ்கள் எத்தனையோ கோத்தவர் அவர். ஜாவாவுக்குப் பெரிய எஸ் வேறு, சிறிய எஸ் வேறு.

மறுநாள் தொகுத்தபோது ஒரு செய்தியும் வரவில்லை. பிழையில்லை என்பதை அது மௌனத்தால்தான் சொல்லும் என்று அப்போது தெரியாது; மீண்டும் பழுதோ என்று பயந்தேன். பிறகு இயக்கினேன். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் அப்பாவிடம் காட்ட ஒரு தமிழ்ச்சொல் வேண்டுமென்று தோன்றியது. ஜாவா தன் எழுத்துகளை ஒருங்குறியில்தான் வைத்துக்கொள்கிறது என்று பாடநூலில் இருந்தது. ஆசிரியரிடம் கேட்டு, 'வணக்கம்' என்பதற்குரிய எண்களை ஒவ்வொன்றாக இட்டு இயக்கினேன். கறுப்புத் திரையில் ஏழு கேள்விக்குறிகள். அந்தச் சாளரத்தின் குறிமுறைக்குத் தமிழ் தெரியாது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"என்ன இது?"

"வணக்கம்ப்பா. தமிழ் எழுத்து தெரியல. அதான் கேள்விக்குறியா வருது."

அவர் எண்ணினார். "வணக்கத்துக்கு அஞ்செழுத்துதான? இதுல ஏழு இருக்கு."

அதைக் கவனிக்காத முதுகலைப் பட்டதாரி நான். ஒருங்குறியில் 'க்' என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு, 'ம்' அப்படியே. வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. இன்றும் ஜாவாவிடம் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஏழு என்றே சொல்லும். அப்பாவுக்கு விளக்கினேன்.

"புள்ளிக்குத் தனி அச்சா?" என்றார், ஒரு தொழிலாளி இன்னொரு பட்டறையைப் பற்றிக் கேட்கும் குரலில். எழுந்து போய், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சிறு துணிப்பையைக் கொண்டுவந்தார். எடைக்குப் போனவற்றில் ஒரு கைப்பிடியை அவர் எடுத்து வைத்திருந்தது அதுவரை அம்மாவுக்கும் தெரியாது. பைக்குள் விரலால் தடவியே ஒன்றைத் தேடி எடுத்து, கேள்விக்குறிகளின் மேல் வைத்தார். இடவலம் மாறிய ககரம், தலையில் புள்ளியோடு, ஒரே துண்டு ஈயம்.

"எங்ககிட்ட இது ஒண்ணுதான்" என்றார். பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்கு உனக்கு கம்ப்யூட்டர்?"