கம்பெனி போயாச்சு... கரண்டி இருக்கு!

நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தின் 5-வது டெர்மினலில், பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஓடும் கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி நடந்தால் ஒரு நீண்ட குழாய்ப் பாதை வரும். வெள்ளைச் சுவர், மிளகாய்ப்பழச் சிவப்பில் கம்பளம். ‘கேட்ச் மீ இஃப் யூ கேன்’ படம் பார்த்தவர்களுக்கு எங்கேயோ பார்த்த இடம்போல் இருக்கும். அந்தப் படத்தின் ஒரு காட்சியை இந்தக் கட்டடத்தில்தான் எடுத்தார்கள். பாதையின் மறுமுனையில் இருப்பது டி.டபிள்யூ.ஏ. ஹோட்டல்.

டி.டபிள்யூ.ஏ. என்றால் டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ். 2001 டிசம்பர் 1-ம் தேதியோடு பறப்பதை நிறுத்திக்கொண்ட அமெரிக்க விமான நிறுவனம். இன்றைக்கு அதன் பெயரில் ஒரு டிக்கெட்கூட வாங்க முடியாது. ஆனால், அதன் பழைய டெர்மினலுக்குள் போய் உட்கார்ந்து காபி குடிக்கலாம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அதன் சீருடைகள், சாப்பாட்டுத் தட்டுகள், பைகள், விளம்பரங்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஹோட்டலில் அறை எடுக்க வேண்டும் என்பதில்லை. யாரும் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம்.

நாங்கள் போனதும் அப்படித்தான். கான்சாஸ் சிட்டியில் மருமகளின் அக்காவுக்கு வளைகாப்பு. “அம்மா, ஃபிளைட்டுக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு. சும்மா கேட் பக்கத்துல உட்காராம வா, உனக்கு ஒரு இடம் காட்டறேன்” என்று பையன் அழைத்துப் போனான்.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபின்லாந்தில் பிறந்த ஈரோ சாரினென் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. நான்கு கான்கிரீட் ஓடுகள், இறக்கையை விரித்த மாதிரி, ஒய் வடிவத் தூண்கள்மேல் நிற்கின்றன. ஓடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் கண்ணாடி. அதன் வழியாக வெயில் உள்ளே இறங்குகிறது. நேர்க்கோடு என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. படிக்கட்டு, கைப்பிடி, தகவல் கவுன்டர் எல்லாமே மாவுபோலக் குழைந்து வளைந்திருக்கின்றன. 1962 மே மாதம் இது திறக்கப்பட்டபோது சாரினென் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே, 51 வயதில் இறந்துவிட்டார்.

கூடத்தில் பழைய சொலாரி பலகை ஒன்று இருக்கிறது. இத்தாலியில் செய்த, எழுத்துத் தகடுகள் ஒவ்வொன்றாகப் புரண்டு ஊர்ப் பெயர் காட்டும் பலகை. புதுச் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் படபடவென்று ஒரு சத்தம். நடுவே பள்ளமாக, சிவப்பு இருக்கைகளோடு ஒரு கூடம். அங்கிருந்து பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய விமானம் நிற்பது தெரிகிறது. அதைப் பற்றிப் பிறகு.

டி.டபிள்யூ.ஏ.வின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1930-ல் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து பிறந்தது. 1939 முதல் கோடீஸ்வரர் ஹோவர்டு ஹியூஸ் அதன் பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைப் பிடித்தார். உலகப் போர் முடிந்ததும் வெளிநாடுகளுக்குப் பறக்க ஆரம்பித்தது. 1961-ல் முதல் வகுப்புப் பயணிகளுக்கு விமானத்திலேயே முறையாகச் சினிமா காட்டத் தொடங்கியது. வரும் கூட்டத்துக்கும் பெரிய ஜெட் விமானங்களுக்கும் சாரினென் கட்டடம் போதவில்லை. ஆனாலும் அழகுக்குக் குறைவில்லை. 1994-ல் நியூயார்க் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 2001-ல் பூட்டிய கட்டடம் வெகுகாலம் காலியாகக் கிடந்து, 2019 மே 15-ம் தேதி ஹோட்டலாகத் திறந்தது. இருபுறமும் புதிதாகக் கட்டிய பகுதிகளில் 512 அறைகள். ரன்வே பக்கத்திலேயே இருந்தாலும் தூக்கம் கெடாமல் இருக்க, நாலரை அங்குல கனத்தில் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.

இனி பெட்டிக்குள் இருக்கும் பொருட்களுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

இவற்றை நிறுவனம் பத்திரப்படுத்தி வைத்திருந்ததாக நினைக்க வேண்டாம். திவாலான கம்பெனி எதைப் பத்திரப்படுத்தும்? பழைய ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் நண்பர்களும் பரணிலிருந்தும் அலமாரியிலிருந்தும் எடுத்துக் கொடுத்தவை. பணிப்பெண்களின் சீருடைகளை வரிசையாகப் பார்த்தாலே அமெரிக்காவின் ஃபேஷன் வரலாறு தெரிந்துவிடும். 1955-ல் ஓலெக் காசினி, 1965-ல் பியர் பால்மன், 1971-ல் வாலன்டினோ, 1978-ல் ரால்ஃப் லாரன் என்று பெரிய பெரிய கைகள் தைத்துக் கொடுத்த உடைகள். 1968-ல் ஒரு கூத்து நடந்தது. ஃபிரெஞ்சு பாணி, ரோமானிய பாணி என்று காகிதத்தில் உடை செய்து பணிப்பெண்களுக்குப் போட்டுவிட்டார்கள். காகிதம் கிழியாமல் என்ன செய்யும்? நடுவானில் ஒட்டுப்போட்டுக்கொண்டு சாப்பாடு பரிமாறிய பெண்களை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. அதைத் திட்டமிட்டவர்கள் யாரும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கவில்லையே.

விமான நிறுவனப் பொருட்களைச் சேர்ப்பது அமெரிக்காவில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. கால அட்டவணை, பெட்டியில் ஒட்டும் லேபிள், சீட்டுக்கட்டு, மெனு அட்டை, பானம் கலக்கும் பிளாஸ்டிக் குச்சி, சாம்பல் கிண்ணம், குழந்தைகளின் சட்டையில் குத்திவிடும் சிறகு பின், இருக்கைப் பையில் இருக்கும் பாதுகாப்பு அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசிகர்கள். ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தி, மேஜை போட்டு உட்கார்ந்து மாற்றிக்கொள்கிறார்கள். உன்னிடம் இரண்டு டி.டபிள்யூ.ஏ. சீட்டுக்கட்டு, என்னிடம் இரண்டு பான் ஆம் மெனு, கொடு, வாங்கு. பல பொருட்களுக்குப் பெரிய விலை ஒன்றும் கிடையாது. இலவசமாகக் கொடுத்ததுதானே! பெரும்பாலோர் தூக்கி எறிந்துவிட்டதால்தான் மிஞ்சியதற்கு மரியாதை.

கரண்டி விஷயம் கொஞ்சம் கூச்சமானது. அதை யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டு வந்தார்கள். நம் வீடுகளிலும் முத்திரை போட்ட ஸ்பூன் ஒன்று அஞ்சறைப்பெட்டியில் கிடந்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். எப்படி வந்தது என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். எந்த விமான நிறுவனமானாலும் அதன் சாப்பாட்டுச் சாமான்கள் இன்றைக்கு மிஞ்சியிருக்கிறது என்றால், அதில் இப்படிக் கைப்பைக்குள் நழுவியதும் கணிசமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் இருந்தது ஸ்பூன் இல்லை, பை. டி.டபிள்யூ.ஏ. 1947-லேயே பம்பாய்க்குப் பறக்க ஆரம்பித்துவிட்டது. என் பெரியப்பா 1964-ல் பம்பாயில் அதில் ஏறித்தான் செயின்ட் லூயிஸில் மேல்படிப்புக்குப் போனார். நியூயார்க்கில் சுங்கச் சோதனை முடிந்து, அடுத்த விமானத்துக்காக “இறக்கை விரிச்ச கழுகு மாதிரி ஒரு கட்டடத்துல” நாலு மணி நேரம் காத்திருந்ததாகச் சொல்வார். கையில் சொற்ப டாலர். எதையும் வாங்கிச் சாப்பிடப் பயம். அந்தச் சிவப்பு இருக்கைகளைப் பார்த்தபோது, எதில் உட்கார்ந்திருப்பாரோ என்று தோன்றியது. அவர் கொண்டுவந்த தோள்பை பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் பதினைந்து வருஷம் உழைத்தது. ஜிப் போனதும் பெரியம்மா அதில் பழைய துணி போட்டு வைத்தார்.

வெளியே நிற்கும் விமானத்துக்கு வருவோம். லாக்ஹீடு கான்ஸ்டலேஷன் குடும்பத்தின் கடைசி வாரிசான ஸ்டார்லைனர், 1958-ல் செய்தது. செல்லமாக ‘கான்னி’. இந்தக் குடும்பம் நமக்கும் சொந்தம்தான். 1948 ஜூன் 8-ம் தேதி ஏர் இந்தியா பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதன்முதலில் பறந்தபோது, போன ‘மலபார் பிரின்சஸ்’ விமானமும் ஒரு கான்ஸ்டலேஷன். அழகான வளைந்த உடம்பு, மூன்று வால். ஆனால், ஸ்டார்லைனருக்கு ஜாதகம் சரியில்லை. அது வந்த சூட்டோடு ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. ஹோட்டல்காரர்கள் சொல்லும் கதைப்படி, இந்தக் கான்னி அலாஸ்காவில் சரக்கு சுமந்தது, பிறகு கஞ்சா கடத்தக்கூடப் போனது, கடைசியில் மெய்ன் மாநிலத்தில் கேட்பாரற்று நின்றது. ஹோட்டலுக்காக அதைத் தேடி வாங்கிச் சரிசெய்து, லாரியில் ஏற்றி, 2019 மார்ச்சில் டைம்ஸ் சதுக்கத்தில் நிறுத்தி வேடிக்கை காட்டிவிட்டு இங்கே கொண்டுவந்தார்கள். இப்போது உள்ளே மதுக்கூடம். விமானி அறையில் நின்று படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதிகம், பையனும் எடுத்துக்கொண்டான்.

எல்லாம் அழகுதான். ஆனாலும் ஹோட்டல் என்பது ஹோட்டல். அதன் கடிகாரம் 1962-ல் நிற்கிறது. பழைய பாட்டு, பழைய லிங்கன் கார், சுற்றும் டயல் போன். சந்தோஷமான வருஷங்களை மட்டும் எடுத்து அடுக்கிய வீடு. டி.டபிள்யூ.ஏ.வில் வேலை பார்த்தவர்களின் பிந்தைய வருஷங்கள் அப்படி இல்லை.

1985-ல் கார்ல் ஐகான் என்ற முதலீட்டாளர் நிறுவனத்தைக் கைப்பற்றினார். 1986-ல் சம்பளம், வேலை நேரம் தொடர்பாகப் பணிப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் இடத்தில் புது ஆட்களை எடுத்தார்கள். லண்டன் வழித்தடங்கள் போன்ற நல்ல சொத்துகள் விற்கப்பட்டன. 1992, 1995, 2001 என்று மூன்று முறை திவால் மனு. கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. வாங்கும்போது டி.டபிள்யூ.ஏ. விமானப் பணியாளர்களை, முப்பது வருஷம் வேலை பார்த்தவர்களைக்கூட, பணிமூப்புப் பட்டியலின் அடியில் சேர்த்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தது. அடியில் இருந்தவர்கள்தானே முதலில் போவார்கள்? 2003 கோடைக்குள் சுமார் 4,000 பேருக்கும் வேலை போயிற்று. சிலரைப் பல வருஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். டி.டபிள்யூ.ஏ. என்ற பெயரும் இன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வசம்தான். அவர்கள் அனுமதியோடுதான் ஹோட்டல் அதைப் போட்டுக்கொள்கிறது.

ஆக, அந்தச் சீருடையை வீட்டில் மடித்து வைத்திருந்தவர்களுக்கு அது அழகுப் பொருள் மட்டும் இல்லை. நானும் அங்கே இருந்தேன் என்பதற்கு மிஞ்சிய சாட்சி.

சேர்க்கக் கூடாது என்று விட்ட பொருளும் உண்டு. 1996 ஜூலை 17-ம் தேதி இதே ஜே.எஃப்.கே.யிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானம், எரிபொருள் தொட்டி வெடித்து லாங் ஐலண்ட் கடலில் விழுந்தது. 230 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடலிலிருந்து எடுத்த துண்டுகளைப் பொருத்தி விமானத்தின் உடலை மறுபடி கட்டிப் பார்த்துத்தான் காரணம் கண்டுபிடித்தார்கள். விபத்து விசாரணை வாரியம் அதை வர்ஜீனியாவில் பயிற்சிக்காக வைத்திருந்தது. அதை எந்தக் காலத்திலும் காட்சிப் பொருளாக வைக்க மாட்டோம் என்று குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்கின்படி, 2021-ல் அதன் பயன்பாட்டை நிறுத்துவதாக அறிவித்து, பிறகு அழித்துவிட்டார்கள். ஒரு துண்டுகூடச் சேகரிப்பாளர் கைக்குப் போகக் கூடாது என்பது ஏற்பாடு. லாங் ஐலண்டில் ஸ்மித் பாயின்ட் கடற்கரையில், கல்லில் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. அது போதும் என்றுதான் எனக்கும் படுகிறது.

கான்சாஸ் சிட்டியில் வளைகாப்புக்கு மறுநாள், சம்பந்தி வீட்டார் கோயிலுக்குக் கிளம்ப, பையனை இழுத்துக்கொண்டு டி.டபிள்யூ.ஏ. மியூசியத்துக்குப் போனேன். நிறுவனம் வளர்ந்த ஊர் அது. ஊருக்கு நடுவே இருக்கும் பழைய விமான நிலையத்தில், 1930-களில் தலைமை அலுவலகமாக இருந்த கட்டடத்திலேயே வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கின் பளபளப்பு கிடையாது. சீருடை, பீங்கான், கத்தி, கரண்டி, புகைப்படம், மாடல் விமானம் என்று நெருக்கி அடுக்கியிருக்கிறது. சுற்றிக் காட்டுகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், பலர் டி.டபிள்யூ.ஏ.வில் வேலை பார்த்தவர்கள். ஒவ்வொரு பொருளிடமும் நின்று, இது எந்த வருஷம், எந்த வகுப்பில் கொடுத்தது, எப்படித் துடைப்போம் என்று சொல்கிறார்கள். நேரத்துக்குக் கிளம்ப நினைத்தால் நடக்காது.

எங்களுக்குக் காட்டிய பெண்மணிக்கு எழுபது தாண்டியிருக்கும். பம்பாய் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, வழித்தட வரைபடம் ஒன்றின் முன்னால் கூட்டிப்போய் விரல் வைத்துக் காட்டினார். பெரியப்பாவின் பையைப் பற்றிச் சொன்னேன். இருக்கிறதா, என்ன நிறம், எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று கேள்விமேல் கேள்வி. கொடுத்தால் யாருடையது, எந்த வருஷம், எங்கிருந்து எங்கே போனது என்று எழுதிச் சேர்த்து வைப்போம் என்றார்.

அன்று ராத்திரியே சென்னைக்குப் போன் போட்டேன்.

“பெரியம்மா, அந்த டி.டபிள்யூ.ஏ. பை இருக்கா?”

“இருக்கே. கொலு பொம்மைக்குச் சுத்தற துணியெல்லாம் அதுலதான் இருக்கு. ஏன்டி?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

“ஜிப் இல்லையே, வாங்கிப்பாளா?” என்றார்.