இனமுள்ள அடையும் இனமில்லா அடையும்

ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று அதன் பொருளைச் சிறப்பிக்கும் சொல்லை இலக்கணிகள் அடை, அதாவது அடைமொழி, என்பர். செந்தாமரை என்னும்போது வெண்டாமரையும் உண்டு என்பதால், செம்மை என்னும் அடை ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. இதுவே இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்பதிலோ, கருஞாயிறு என வேறொன்று இல்லாமையால், அடை எதையும் விலக்காமல் அழகு மட்டுமே சேர்க்கிறது. இது இனமில்லா அடை. குணம் ஒன்றே அடையாகும் என்று கருதுவது பிழை. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறு வழிகளிலும் அடை அமையும் என்று நன்னூல் கூறுவதால், குளத்தாமரையில் இடமும் கார்த்திகை விளக்கில் காலமும் அடையாகின்றன. இனமில்லாத பண்படை, அதாவது குணத்தைக் குறிக்கும் அடை, செய்யுளுக்கே உரியது, உலக வழக்குக்கு உரியதன்று என்பது தொல்காப்பியரின் கருத்து. இன்றைய உரைநடையிலோ உணவு, திரைப்படம், மனிதர், மழை என எல்லாவற்றின் முன்னும் ‘அருமையான’ என்ற ஒரே சொல் நிற்பதால், எதுவும் எதிலிருந்தும் பிரிந்து தெரிவதில்லை. எழுதுவோர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவ்விடத்தில் நிறத்தையோ இடத்தையோ காலத்தையோ வைத்துப் பார்க்க வேண்டும்.