தாயின் குரலுக்கு ஒரு தடம்

மனிதனுக்கு இறைவன் வழங்கிய அருட்கொடைகளுள் குரல் தனிச்சிறப்புடையது. முகத்தை நிழற்படத்தில் வைத்துக் கொள்ளலாம். கையெழுத்தைக் கடிதத்தில் காத்துக் கொள்ளலாம். குரலோ காற்றில் பிறந்து காற்றிலேயே கரைந்து விடுகிறது. எங்கள் மானாம்பதிக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை இன்றும் படிக்க முடிகிறது. ஆனால், அன்று குடத்திலிருந்து எடுத்த ஓலையைச் சபையில் உரக்கப் படித்தவரின் குரலை யாரால் கேட்க முடியும்? நம் நாட்டில் குரலைத் தட்டில் பிடித்து வைக்கும் கலையே 1902இல், கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோதுதான் வேரூன்றத் தொடங்கியது.

இதனை நான் எழுதக் காரணம், என் சிறுவயதில் நான் செய்த ஒரு பிழை.

என் தந்தையார் இனிய குரல்வளம் பெற்றவர். ஊர்த் திருமணங்களில் அவர் பைத் பாடத் தொடங்கினால் பந்தலே அமைதியாகி விடும். சவூதியிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டு வந்து கொடுத்த டேப்ரிக்கார்டரில் அவருடைய குரலை ஒரே ஒருமுறை பதிவு செய்திருந்தோம். 1992ஆம் ஆண்டு உலகக்கோப்பை கிரிக்கெட் நடந்த நாட்களில், வானொலி வர்ணனையைப் பதிவு செய்யும் ஆவலில், கைக்குக் கிடைத்த கேசட்டைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். அது அத்தாவின் கேசட். கேசட்டின் விளிம்பிலுள்ள சிறிய பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைத்திருந்தால் அதன்மீது வேறெதையும் பதிய இயலாது. அந்த விவரம் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. அத்தா என்னை ஒரு வார்த்தையும் கடிந்து கொள்ளவில்லை. 1998இல் அவர் மறைந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இப்பொழுது என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. எங்கள் குடும்பத்துப் பெண்கள் நபிமார்களின் பெயர்களைக் கோத்துத் தொட்டிலருகே பாடி வந்த தாலாட்டுகள் அவருடைய நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. எந்த ஏட்டிலும் அவை இல்லை. சென்ற ஆண்டு அவர் நோயுற்று எழுந்த பிறகு, இம்முறை தாமதித்தல் ஆகாது எனத் துணிந்தேன்.

பெரும் ஒலிப்பதிவுக்கூடத்திற்குச் செல்ல வசதியுமில்லை. அம்மாவின் முழங்கால் அதற்கு இடந்தரவுமில்லை. வீட்டிலேயே கூடம் அமைப்பது புதுமையன்று. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டித்தான் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தைத் தொடங்கினார். 1992இல் ‘ரோஜா’ வழியாக அவ்வுழைப்பை உலகம் அறிந்தது. எனக்கு அத்தனை பெரிய எண்ணம் கிடையாது. ஒரு மடிக்கணினி, ஓர் ஒலிவாங்கி, அதனைக் கணினியோடு இணைக்கும் சிறு கருவி, சுவரில் தொங்கவிட்ட நான்கு மெத்தைகள். இவ்வளவே என் கூடம். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை வாசகர்கள் அறிவார்கள். ஆகவே குரலும் தஃபும் போதும் என வரையறுத்துக் கொண்டேன்.

எஞ்சியது மென்பொருள். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்பொழுது காஞ்சிபுரத்தில் கணினித் தொழில் செய்கிறார். அவர் ஒரு பென்டிரைவை நீட்டி, “ஹஜ்ரத்! சினிமாக் கூடங்களில் பயன்படுத்தும் மென்பொருள் இதில் இருக்கிறது. பூட்டை உடைத்தாகி விட்டது. காசு எதுவும் வேண்டாம்” என்றார். அன்போடுதான் தந்தார். ஆயினும், பிறர் உழைப்பைக் களவாடி அதில் நபிமார்களின் பெயர்களைப் பதிவு செய்வதா என்று கேட்டேன். அவர் தலை குனிந்து, பின்னர் நேரிய வழியில் தேட உதவினார்.

பல தடப் பதிவு என்பது என்ன? எல்லாரும் ஒரே தடத்தில் சேர்ந்து பாடினால், ஒருவர் இருமினாலும் எல்லாருடைய உழைப்பும் வீணாகும். ஒவ்வொரு குரலுக்கும் தனித்தடம் ஒதுக்கினால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று பழுதுபடாது. பாட்டியின் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே பேத்தி மறுநாள் தன் தடத்தில் பாடலாம்.

முதலில் ஆடாசிட்டியைப் பார்த்தோம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000இல் வெளிவந்த இலவச மென்பொருள். கற்பது எளிது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். முன்பு அதில் செய்யும் ஒலி மாற்றங்கள் பதிவின்மீதே பதிந்து விடும். 2022இல் வந்த 3.2ஆம் பதிப்பிலிருந்து, மூலத்தைத் தொடாமலே கேட்டுப் பார்க்கும் வசதி வந்துள்ளது. ஆப்பிள் நிறுவனத்தின் கராஜ்பேண்ட் விலையின்றிக் கிடைத்தாலும் அந்நிறுவனத்தின் கருவிகளில் மட்டுமே இயங்கும். எங்களிடம் அவை இல்லை. மூன்றாவது ரீப்பர். வின்ஆம்ப் மென்பொருளை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கெலின் படைப்பு. ஒவ்வொரு முறை பாடுவதையும் தனிக் கோப்பாக எழுதி வைக்கும். நாம் வெட்டினாலும் ஒட்டினாலும் மூலக் கோப்பு அப்படியே இருக்கும்.

இந்த இறுதிச் செய்திதான் என் உள்ளத்தைத் தொட்டது. பழையதன்மேல் புதியதைப் பதிந்து தந்தையின் குரலை இழந்தவன் நான். என் கை தவறினாலும் மூலம் அழியாத ஏற்பாடே எனக்குத் தேவை. அறுபது நாட்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்றிருந்ததால் ரீப்பரையே நிறுவினோம்.

இஷாவுக்குப் பின், மின்விசிறியை நிறுத்தி விட்டு, தெருநாய்களும் ஓய்ந்த பொழுதில் பதிவு செய்தோம். விநாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் அளவில் பதிந்தால் ஒரு குரலுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் இடம் போதும். தாளக் கணக்கிற்கான டிக்டிக் ஒலியை வைக்கவில்லை. தாலாட்டு தொட்டிலின் அசைவுக்கு ஏற்ப நீளும், குறுகும். அதனை இயந்திரத்தின் கணக்கில் அடைத்தல் முறையன்று. என் மகள்கள் பாடியபோது அவர்களின் குரல் காதில் சற்றுத் தாமதித்து விழுந்தது. பஃபர் அளவை 256 மாதிரிகளாகக் குறைத்தோம்; கணக்குப்படி அது ஐந்து மில்லி விநாடிக்குச் சற்றே மேல். தடுமாற்றம் நீங்கியது.

மூன்று வாரங்களில் பதினொரு தாலாட்டுகள் நிறைவுற்றன. பேத்திகளின் குரலோடு தம் குரலைக் கேட்ட அம்மா, நெடுநேரம் பேசாதிருந்து, “உங்க அத்தா குரலும் கூட இருந்திருந்தா நல்லா இருக்கும்ப்பா” என்றார். நான் மறுமொழி கூறவில்லை.

அறுபது நாட்கள் கழிந்தன. மென்பொருள் பூட்டிக் கொள்ளவில்லை! உரிமம் வாங்குமாறு நினைவூட்டும் ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் தோன்றியது. சில விநாடிகள் காத்திருந்தால் வழக்கம்போல் வேலை செய்யலாம். எவரும் நம்மைப் பிடிக்கப் போவதில்லை. தனிமனிதருக்கான உரிமத்தின் விலை 60 டாலர். நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். மதரஸா ஆசிரியனுக்கு அது சிறு தொகையன்று. ஆனால், மாணவர்களுக்கு அமானிதம் பற்றி நாள்தோறும் பாடம் நடத்துபவன், எவரும் பார்க்காத திரைக்கு முன்னால் அப்பாடத்தை மறக்கலாமா? இரண்டு மாதங்கள் மென்பொருளைத் திறக்காமல் பணத்தைச் சேர்த்து, உரிமம் வாங்கிய பிறகே மீண்டும் திறந்தேன்.

வாசக அன்பர்களே! உங்களுக்கு ரீப்பர்தான் வேண்டும் என்று நான் கூற மாட்டேன். ஒருவரின் குரலைப் பதிவு செய்ய ஆடாசிட்டியே தாராளமாகப் போதும். எதைத் தேர்ந்தாலும், ஒவ்வொரு தடத்தையும் வேவ் கோப்பாகத் தனியே எடுத்து, இரண்டு இடங்களில் வைத்துக் கொள்ளுங்கள். மென்பொருள்கள் மாறும், வேவ் கோப்பைத் திறக்க ஏதேனும் ஒன்று என்றும் இருக்கும். அதுவும் இயலாவிடில் கைப்பேசியிலாவது இன்றிரவே பதிவு செய்யுங்கள். மென்பொருளைத் தேர்ந்தெடுக்க அறுபது நாட்கள் அவகாசம் கிடைக்கும். பெற்றோரின் ஆயுளுக்கு அத்தகைய அவகாசம் எதுவும் எழுதித் தரப்படவில்லை.

நம் பெற்றோருக்கு வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.