மலை சரிந்த பிறகு

கேகாலைப் பகுதி இறப்பர்த் தோட்டமொன்றில் முப்பதாண்டுகள் பால்வெட்டிய என் தாய்மாமன், தம் தலைவலியை வெயிலின் வேலையென்றே எண்ணியிருந்தார். மாதங்கள் பல மாத்திரைகளோடு கழிந்தன. வலக்கையிலிருந்து வெட்டுக்கத்தி அடிக்கடி நழுவத் தொடங்கிய பின்னரே அவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். மூளையில் கட்டி என்றார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள், தமிழறிந்த வைத்தியர் ஒருவர் படங்களைக் காட்டினார். "கட்டியை எடுக்கும்போதும் ஒலியலைக் கருவியால் மீண்டும் படம் பார்ப்போம்" என்றார். இத்துணைத் தெளிவான படம் கையிலிருக்க, மற்றொன்று எதற்கு? பட்டம் பெற்ற ஆசிரியனாகிய எனக்கு விளங்கவில்லை.

"மண்டையோட்டைத் திறந்ததும் மூளையைச் சூழ்ந்த நீர் வடியும்; மூளை சற்றே தாழும். கட்டியை அகற்ற அகற்ற இன்னும் இடம் மாறும். நேற்றைய படத்தை மட்டும் நம்பினால் கத்தி வழி தவறலாம்" என்றார் அவர்.

மாமா மெல்லச் சிரித்தார். "மலை சரிஞ்ச பொறகு பழைய பாதை இருக்குமா, மருமகனே?"

2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் மலை சரிந்து மனிதரைப் புதைத்ததைப் பக்கத்திலிருந்து அறிந்தவர் அவர். எனக்குப் புரியாதது அவருக்கு உடனே புரிந்தது.

1895இல் றொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது. மூளையின் மென்மையான இழையத்தைக் காட்டவில்லை. 1971இல் இலண்டனில், ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவி உயிருள்ள மனிதரின் மூளையை அடுக்கடுக்காய்க் காட்டியது. 1990களில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், காந்தப்படக் கருவியே சத்திரசிகிச்சைக் கூடத்துள் வந்தது. முதுகெலும்புச் சிகிச்சையிலும், நோயாளியைச் சுற்றி வளைந்து நிற்கும் எக்ஸ் கதிர்க் கருவி, இது எத்தனையாவது எலும்பு, ஆணி எங்கே இறங்குகிறது என்று அவ்வப்போதே காட்டுகிறது. கத்திக்குக் கண் வாய்த்துவிட்டது எனலாம்.

மாமா பிழைத்தார். ஆயினும் வலக்கை பழைய கையாகவில்லை. மரத்தில் அவர் மீண்டும் கத்தி வைக்கவில்லை. கருவியில் குறையில்லை. லயத்திலே கழிந்த அந்த மாதங்களை எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

மலை சரியுமுன் நிலம் வெடிக்கும்; மரம் சாயும்; ஊற்று நீர் கலங்கும். தோட்டத்தார் அதைக் கண்டதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவர். தீராத தலைவலியோடு கை சோர்ந்தாலும் நடை தடுமாறினாலும் அவ்வாறே புறப்பட வேண்டும். வீட்டிலே இதைச் சொல்லுங்கள், மாணவர்களே.